கொசுவைக் கணக்கிட்ட மருத்துவர்

கொசுக்கள் அனைத்தையும் கொல்லாமல் மலேரியாவை ஒழிக்க முடியுமா? நூறாண்டுகளுக்கு முன்பு இக்கேள்விக்குப் பெரும்பாலோர் முடியாது என்றே விடை கூறினர். காடும் சதுப்பும் நிறைந்த நிலத்தில் கோடிக்கணக்கான கொசுக்கள் பிறக்கின்றன. அவற்றுள் ஒன்று தப்பினாலும் நோய் மீண்டும் பரவும் என அவர்கள் எண்ணினர். ஆகவே, கொசு ஒழிப்புக்குச் செலவிடும் பணம் வீண் என்றும் வாதிட்டனர். முடியும் என்று சொன்னவர் ஒருவர். அவர் அதைச் சொல்லால் மட்டும் கூறவில்லை; கணக்கிட்டுக் காட்டினார். அவர்தாம் சர் ரொனால்டு ராஸ். மலேரியாவைக் கொசு பரப்புகிறது என்பதைக் கண்டறிந்து நோபல் பரிசு பெற்றவர் என்று அவரை உலகம் அறியும். ஆனால், நோய் பரவுவதைக் கணிதத்தால் ஆராயும் துறைக்கு அடித்தளம் இட்டவரும் அவரே என்பதைப் பலர் அறியார். அவருடைய கண்டுபிடிப்பின் பயனை முதன்முதலில் கண்ட ஊர்களுள் நம் சிலாங்கூர் மாநிலத்தின் கிள்ளானும் ஒன்றாகும்.

இளமையும் கல்வியும்

ரொனால்டு ராஸ் 1857ஆம் ஆண்டு மே 13ஆம் நாள் இமயமலை அடிவாரத்தில் உள்ள அல்மோரா என்னும் ஊரில் பிறந்தார். அவருடைய தந்தை இந்தியாவில் இருந்த பிரிட்டிஷ் படையின் அதிகாரி. எட்டு வயதில் ராஸ் கல்விக்காக இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டார். ஓவியம், கவிதை, இசை ஆகிய கலைகளில் அவருக்கு மிகுந்த நாட்டம் இருந்தது. கலைஞராக வாழ வேண்டும் என்பதே அவருடைய கனவாக இருந்தது. ஆனால், மகன் மருத்துவராகி இந்திய மருத்துவப் பணியில் சேர வேண்டும் என்று தந்தை விரும்பினார். தந்தையின் விருப்பத்திற்கு இணங்கி, இலண்டன் செயின்ட் பார்த்தலோமியூ மருத்துவமனையில் ராஸ் மருத்துவம் பயின்றார்.

விருப்பமின்றித் தொடங்கிய படிப்பில் அவர் சிறந்து விளங்கவில்லை. தேர்வு ஒன்றில் தோல்வியும் கண்டார். அதன்பின் சிறிது காலம் அட்லாண்டிக் கடலைக் கடக்கும் கப்பலில் மருத்துவராகப் பணியாற்றினார். பிறகு மீண்டும் முயன்று தேர்ச்சி பெற்று, 1881ஆம் ஆண்டு இந்திய மருத்துவப் பணியில் சேர்ந்தார். அவர் முதலில் பணியாற்றிய இடம் சென்னை மாகாணம் ஆகும்.

படைமுகாம் மருத்துவருக்கு அந்நாளில் வேலை மிகுதியாக இல்லை. ஓய்வு நேரத்தில் ராஸ் கவிதையும் கதையும் எழுதினார். அத்துடன் கணித நூல்களையும் ஆர்வத்தோடு படிக்கத் தொடங்கினார். அவருக்குக் கணிதம் கற்பிக்க ஆசிரியர் எவரும் இல்லை. தேர்வு எழுதுவதற்காகவும் அவர் படிக்கவில்லை. எண்களுக்கும் சமன்பாடுகளுக்கும் உள்ள அழகு அவரைக் கவர்ந்தது. இப்படிப் பயன் கருதாமல் கற்ற கணிதம், ஏறத்தாழ இருபத்தைந்து ஆண்டுகளுக்குப் பிறகு அவருடைய மிகப் பெரிய கருவியாக மாறியது.

1883ஆம் ஆண்டு பெங்களூரில் பணியாற்றியபோது, தம் வீட்டில் மட்டும் கொசுத் தொல்லை மிகுதியாக இருப்பதை ராஸ் கவனித்தார். சன்னலுக்கு வெளியே இருந்த தொட்டியில் கொசுப் புழுக்கள் நெளிந்துகொண்டிருந்தன. தொட்டியைக் கவிழ்த்துத் தண்ணீரைக் கொட்டியதும் கொசுக்கள் பெரிதும் குறைந்தன. கொசுவைக் குறைப்பது மனிதனால் இயலும் செயல் என்பது அன்றே அவர் மனத்தில் பதிந்தது. எனினும், கொசுவுக்கும் மலேரியாவுக்கும் தொடர்பு உண்டு என்பதை அப்போது அவர் அறிந்திருக்கவில்லை.

பெருங்கண்டுபிடிப்பு

சதுப்பு நிலத்திலிருந்து எழும் தீய காற்றே மலேரியாவுக்குக் காரணம் என்று மக்கள் நெடுங்காலம் நம்பி வந்தனர். 1880இல் அல்ஜீரியாவில் பணியாற்றிய பிரெஞ்சு மருத்துவர் அல்போன்ஸ் லாவரான், நோயாளியின் குருதியில் நுண்ணிய ஒட்டுண்ணி ஒன்றைக் கண்டார். நோய்க்குக் காரணம் அதுவே எனத் தெரிந்தது. ஆனால், அந்த ஒட்டுண்ணி ஒருவர் உடலிலிருந்து மற்றொருவர் உடலுக்கு எவ்வாறு செல்கிறது என்பது புதிராகவே இருந்தது.

1894இல் விடுமுறையில் இலண்டன் சென்ற ராஸ், பேட்ரிக் மேன்சன் என்னும் மருத்துவரைச் சந்தித்தார். மேன்சன் அந்த ஒட்டுண்ணியை நுண்ணோக்கியில் அவருக்குக் காட்டினார். கொசுவே அதனைச் சுமந்து செல்லக்கூடும் என்ற தம் கருத்தையும் பகிர்ந்துகொண்டார். மறுஆண்டு இந்தியா திரும்பிய ராஸ், செக்கந்தராபாத்தில் ஆய்வைத் தொடங்கினார்.

அந்த ஆய்வு எளிதாக அமையவில்லை. ராஸ் ஒவ்வொரு கொசுவையும் அறுத்து, அதன் உடலின் ஒவ்வொரு பகுதியையும் நுண்ணோக்கியில் தேடினார். கொசுவில் பல இனங்கள் உண்டு. அவற்றுள் எது மலேரியாவைச் சுமக்கிறது என்பது அவருக்குத் தெரியாது. தவறான இனத்தை ஆராய்ந்ததால் இரண்டு ஆண்டுகள் பலனின்றிக் கழிந்தன. கடும் வெயிலிலும் அவர் விசிறியைப் பயன்படுத்தவில்லை. காற்று வீசினால் அறுத்து வைத்த கொசுக்கள் பறந்துவிடும். நெற்றியிலிருந்து வடிந்த வியர்வையால் நுண்ணோக்கியின் திருகுகள் துருப்பிடித்தன.

இறுதியில், சிறகில் புள்ளிகள் உடைய ஒருவகைக் கொசு அவருக்குக் கிடைத்தது. அதுவே அனோபிலிஸ் இனக் கொசு. உசேன் கான் என்ற நோயாளி, தம்மைக் கடிக்கும் ஒவ்வொரு கொசுவுக்கும் ஓர் அணா கூலி பெற்றுக்கொண்டு, அக்கொசுக்களுக்குத் தம் குருதியை அளிக்க முன்வந்தார். 1897ஆம் ஆண்டு ஆகஸ்டு 20ஆம் நாள், அவர் குருதியைக் குடித்த கொசு ஒன்றின் வயிற்றுச் சுவரில் மலேரியா ஒட்டுண்ணி வளர்வதை ராஸ் கண்டார். அந்நாளே இன்று உலகக் கொசு நாளாக நினைவுகூரப்படுகிறது.

ஆய்வு முழுமை பெறுமுன் அவர் வேறிடத்திற்கு மாற்றப்பட்டார். 1898இல் கல்கத்தாவில் மீண்டும் வாய்ப்புக் கிடைத்தது. முகமது பக்ஸ் என்னும் உதவியாளரின் துணையுடன் பறவைகளைத் தாக்கும் மலேரியாவை அவர் ஆராய்ந்தார். ஒட்டுண்ணி கொசுவின் உமிழ்நீர்ச் சுரப்பியை அடைவதையும், கொசு கடிக்கும்போது நலமான பறவையின் உடலுக்குள் புகுவதையும் அவ்வாண்டு சூலை மாதத்தில் நிறுவினார். அதே ஆண்டு, இத்தாலி நாட்டு அறிஞர் கிராசியும் அவருடைய தோழர்களும் மனிதரிடையே அனோபிலிஸ் கொசுவே மலேரியாவைப் பரப்புகிறது என்பதை மெய்ப்பித்தனர். 1902ஆம் ஆண்டு மருத்துவத்திற்கான நோபல் பரிசு ராஸுக்கு வழங்கப்பட்டது.

கிள்ளானில் கிடைத்த சான்று

காரணம் தெரிந்துவிட்டது, இனிச் செயல்தான் தேவை என்று ராஸ் கருதினார். கொசு வளரும் நீரை வடித்துவிட்டால் நோய் குறையும் என்று அவர் வலியுறுத்தினார். அவருடைய கருத்து சரிதானா என்பதைக் காட்ட ஒரு களம் தேவைப்பட்டது. அத்தகைய களங்களுள் ஒன்றாக மலாயா அமைந்தது.

1901ஆம் ஆண்டின் தொடக்கத்தில் மால்கம் வாட்சன் என்னும் இளம் மருத்துவர் கிள்ளான் வட்டாரத்தின் அரசு மருத்துவராகப் பொறுப்பேற்றார். அப்போது கிள்ளான், சதுப்பும் புதரும் சூழ்ந்த சிறிய நகரம். அதன் அருகில் போர்ட் சுவெட்டன்ஹாம் என்னும் புதிய துறைமுகம் உருவாகிக்கொண்டிருந்தது. அதுவே இன்றைய கிள்ளான் துறைமுகம். அவ்வாண்டு செப்டம்பரில் துறைமுகம் திறக்கப்பட்டதும், அங்கு வேலை செய்தோரிடையே மலேரியா கடுமையாகப் பரவியது. மருத்துவமனையில் இடம் போதவில்லை. துறைமுகத்தையே மூடிவிடலாமா என்னும் பேச்சும் எழுந்தது.

வாட்சன் ராஸின் கண்டுபிடிப்பை அறிந்தவர். அவர் நகரைச் சூழ்ந்த புதர்க்காடுகளை வெட்டச் செய்தார். சதுப்பு நீரை வடிக்க வாய்க்கால்கள் அமைக்கச் செய்தார். பள்ளங்களை மண்ணிட்டு மேடாக்கச் செய்தார். வேலை நடந்துகொண்டிருந்தபோதே இறப்பு எண்ணிக்கையையும் ஆண்டுதோறும் பதிவு செய்து வந்தார்.

அந்தப் பதிவு கூறும் செய்தி வியப்பானது. 1901இல் கிள்ளான் நகரிலும் துறைமுகத்திலும் காய்ச்சலால் இறந்தவர்கள் 368 பேர். 1902இல் அந்த எண்ணிக்கை 59ஆகக் குறைந்தது. 1905இல் 45ஆக இருந்தது. வேறு ஏதேனும் காரணத்தால் அவ்வாண்டுகளில் நோய் தானாகவே தணிந்திருக்கலாம் அல்லவா? இந்த ஐயம் எழும் என்பதை வாட்சன் உணர்ந்திருந்தார். ஆகவே, வாய்க்கால் வெட்டப்படாத சுற்றுவட்டாரத்தின் கணக்கையும் அவர் உடன் வைத்தார். அங்கு 1901இல் 266 பேர் காய்ச்சலால் இறந்திருந்தனர். 1905இல் 351 பேர் இறந்தனர். மழையும் வெயிலும் இரண்டு இடங்களுக்கும் ஒன்றே. எனினும், நீர் வடிக்கப்பட்ட இடத்தில் இறப்பு வீழ்ந்தது. வடிக்கப்படாத இடத்தில் உயர்ந்தது.

இவை வெறும் எண்கள் அல்ல. அக்காலத்தில் தமிழகத்திலிருந்து கப்பலேறி வந்தவர்களுள் பலர் இத்துறைமுகத்திலும், இருப்புப்பாதையிலும், வட்டாரத்துத் தோட்டங்களிலும் உழைத்தனர். லயங்களில் குளிர்க்காய்ச்சலால் நடுங்கியவர்களும், கொயினா மருந்தின் கசப்பை நாள்தோறும் விழுங்கியவர்களும், ஊர் திரும்பாமலே மண்ணில் புதைந்தவர்களும் அவர்களுள் அடங்குவர். வாட்சனின் பட்டியலில் குறைந்த ஒவ்வோர் எண்ணும் ஒரு குடும்பத்தின் விளக்கு அணையாமல் காக்கப்பட்டதைக் குறிக்கிறது.

கிள்ளானில் கண்ட வெற்றியை ராஸ் பெரிதும் மதித்தார். 1910இல் அவர் வெளியிட்ட மலேரியாத் தடுப்பு பற்றிய நூலில், மலாயாவைப் பற்றிய பகுதியை எழுதும் பொறுப்பை வாட்சனிடமே ஒப்படைத்தார்.

எழுந்த மறுப்பு

எல்லா இடத்திலும் இத்தகைய வெற்றி கிட்டவில்லை. லாகூர் நகருக்கு அருகில் மியான் மீர் என்னும் படைமுகாம் இருந்தது. அங்கும் நீர்நிலைகளை மூடிக் கொசுவைக் குறைக்க முயன்றனர். ஆனால், மலேரியா எதிர்பார்த்த அளவு குறையவில்லை. இதைச் சான்றாகக் கொண்டு, கொசு ஒழிப்பு பயனற்றது என்று பல மருத்துவர்கள் முடிவு செய்தனர். எவ்வளவு கொன்றாலும் வெளியிலிருந்து கொசுக்கள் பறந்து வரும் என்றும், ஒரு சில எஞ்சினாலும் நோய் நிலைக்கும் என்றும் அவர்கள் கூறினர். அரசுகளும் பணம் ஒதுக்கத் தயங்கின.

ராஸ் முன்கோபம் உடையவர். எதிர்ப்பாளர்களோடு அவர் கடுமையாக மோதினார். கண்டுபிடிப்பின் பெருமை யாருக்கு உரியது என்பதில் கிராசியோடு அவர் நடத்திய பூசல் பல ஆண்டுகள் நீண்டது. அது அவருடைய பெயருக்கு அழகு சேர்க்கவில்லை. எனினும், மியான் மீர் எழுப்பிய கேள்வியை அவர் கோபத்தால் மட்டும் எதிர்கொள்ளவில்லை. எத்தனை கொசுக்களைக் குறைத்தால் எவ்வளவு நோய் குறையும்? எவ்வளவு பரந்த நிலத்தில் நீரை வடித்தால் நடுவில் வாழ்வோர் காக்கப்படுவர்? இவை கணக்குகள் என்பதை அவர் கண்டுகொண்டார். இளமையில் கற்ற கணிதத்தைக் கையில் எடுத்தார்.

1904ஆம் ஆண்டு அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் நடந்த அறிஞர் மாநாட்டில், கொசு பறக்கும் தொலைவைப் பற்றிய தம் கணக்கை அவர் முன்வைத்தார். கொசு ஒரே நேர்க்கோட்டில் பறப்பதில்லை. அது உணவு தேடி முன்னும் பின்னும் சுற்றித் திரிகிறது. ஆகவே, பெரும்பாலான கொசுக்கள் தாம் பிறந்த இடத்தை விட்டு வெகுதொலைவு செல்வதில்லை. போதுமான பரப்பில் நீரை வடித்தால் அதன் நடுப்பகுதியில் கொசுக்கள் குறையும். சிறிய இடத்தில் மட்டும் வடித்தால் பயன் குறைவு. மியான் மீர் முயற்சி ஏன் தளர்ந்தது என்பதற்கு இதில் ஒரு விளக்கம் கிடைத்தது. இக்கணக்கைப் பற்றி ராஸ் கணித அறிஞர் கார்ல் பியர்சனின் உதவியையும் நாடினார். பியர்சன் அதனை மேலும் ஆராய்ந்தார். குறிக்கோள் இன்றித் திசை மாறி நடப்பவன் எங்குச் சேர்வான் என்னும் புகழ்பெற்ற கணிதப் புதிரை அவர் 1905இல் வெளியிட்டார்.

வாசல் எண்

1907ஆம் ஆண்டின் இறுதியில் ராஸ் மொரீசியஸ் தீவுக்குச் சென்றார். கரும்புத் தோட்டங்கள் நிறைந்த அத்தீவிலும் தமிழர் உட்பட இந்தியத் தொழிலாளர் பலர் வாழ்ந்தனர். அங்கும் மலேரியா பல உயிர்களைப் பறித்து வந்தது. மூன்று மாதம் தீவை ஆராய்ந்த ராஸ், 1908இல் தம் அறிக்கையை வெளியிட்டார். மலேரியா பரவுவதைச் சமன்பாடாக எழுதும் முயற்சியை அவர் அந்த அறிக்கையில் தொடங்கினார்.

அவருடைய சிந்தனையை ஓர் எளிய எடுத்துக்காட்டால் விளங்கிக்கொள்ளலாம். ஓர் ஊரில் மலேரியா நோயாளி ஒருவர் இருக்கிறார். அவர் நோயுற்றிருக்கும் காலத்தில் 48 அனோபிலிஸ் கொசுக்கள் அவரை நெருங்குகின்றன எனக் கொள்வோம். எல்லாக் கொசுக்களும் கடித்துவிடுவதில்லை. நான்கில் ஒன்றே அவருடைய குருதியை உறிஞ்சுகிறது என்றால், 12 கொசுக்கள் ஒட்டுண்ணியைப் பெறுகின்றன. கொசுவின் உடலில் ஒட்டுண்ணி வளர்ந்து முதிர ஏறத்தாழ பத்து நாள் ஆகும். அதற்குள் பல கொசுக்கள் இறந்துவிடும். மூன்றில் ஒன்றே உயிருடன் இருக்கிறது என்றால், எஞ்சியவை 4. இவற்றுள்ளும் நான்கில் ஒன்றே மற்றொரு மனிதரைக் கடிக்கிறது என்றால், எஞ்சுவது 1. ஆகவே, ஒரு நோயாளி குணமடைவதற்குள் ஒரு புதிய நோயாளி உருவாகிறார். ஊரில் நோய் கூடாமலும் குறையாமலும் நிலைத்திருக்கிறது.

இப்போது கொசுக்களை முழுமையாக ஒழிக்காமல் பாதியாக மட்டும் குறைப்போம். 24 கொசுக்கள் நெருங்கினால், குருதி உறிஞ்சுபவை 6. பத்து நாள் பிழைப்பவை 2. மீண்டும் மனிதரைக் கடிப்பது சராசரியாகப் பாதி. அதாவது, இரண்டு நோயாளிகளுக்கு ஒரு புதிய நோயாளியே உருவாகிறார். நூறு நோயாளிகள் இருந்த இடத்தில் அடுத்த சுற்றில் 50 பேர் இருப்பர். அதற்கடுத்து 25, பிறகு 12, பிறகு 6, பிறகு 3. கொசுக்களில் பாதி உயிருடன் இருக்கும்போதே நோய் தேய்ந்து மறைகிறது. மாறாக, கொசுக்கள் இரட்டிப்பாகி 96 ஆனால் நிலைமை தலைகீழாகும். ஒரு நோயாளி இருவரை உருவாக்குவார், இருவர் நால்வராவர், பத்தாவது சுற்றில் ஆயிரம் பேரைத் தாண்டிவிடும்.

இதுவே ராஸ் கண்ட பேருண்மை. கொசுக்களின் எண்ணிக்கைக்கு ஒரு வாசல் அளவு உண்டு. அந்த அளவுக்கு மேல் இருந்தால் நோய் நிலைக்கும் அல்லது பெருகும். அதற்குக் கீழே கொண்டுவந்துவிட்டால், சில கொசுக்கள் எஞ்சியிருந்தாலும் நோய் தானாகவே அணைந்துவிடும். கடைசிக் கொசுவையும் கொல்ல வேண்டும் என்னும் அச்சம் தேவையில்லை. நகர மன்றமும் தோட்ட நிருவாகமும் தம்மால் இயன்ற அளவு செலவிலேயே மக்களைக் காக்க முடியும். கிள்ளானில் கொசுக்கள் முற்றிலும் மறைந்துவிடவில்லை. ஆயினும், இறப்பு வீழ்ந்ததற்கான காரணத்தை இந்தக் கணக்கு விளக்கியது.

1911இல் தம் நூலின் இரண்டாம் பதிப்பில் ராஸ் இக்கருத்தை மேலும் செம்மையான சமன்பாடுகளாக எழுதினார். அவ்வாண்டே அவருக்குச் சர் பட்டம் வழங்கப்பட்டது. பின்னர், ஹில்டா ஹட்சன் என்னும் கணித மேதையின் துணையோடு, மலேரியாவுக்கு மட்டுமன்றி எந்தத் தொற்றுக்கும் பொருந்தும் சமன்பாடுகளை ஆராய்ந்து 1916, 1917ஆம் ஆண்டுகளில் கட்டுரைகள் வெளியிட்டார். நோயை அளந்தறியும் இந்தப் புதிய துறைக்கு அவரே ஒரு பெயரும் சூட்டினார்.

கணக்கு தந்த எச்சரிக்கை

ராஸின் கணக்கில் இன்னொரு பாடமும் அடங்கியிருந்தது. எல்லாக் கொசுக்களையும் ஒன்றாக எண்ணக் கூடாது. நோய் பரப்பும் இனத்தையே எண்ண வேண்டும். இதன் உண்மையை மலாயாவின் மலைச்சாரல் தோட்டங்கள் கற்பித்தன. கடலோரச் சமவெளியில் நோய் பரப்பிய கொசு, நிழல் படர்ந்த சதுப்பு நீரில் வளர்வது. அங்குக் காட்டை வெட்டி நீரை வடித்ததும் அது குறைந்தது. ஆனால், மேட்டு நிலத்தில் இரப்பர் பயிரிடுவதற்காகக் காட்டை அழித்தபோது மலேரியா பெருகியது. அங்கு நோய் பரப்பியது வேறோர் இனம். அது வெயில் படும் தெளிந்த ஓடைகளை விரும்புவது. காட்டின் நிழல் நீங்கியதும் அதற்கு ஏற்ற இடம் உருவாகிவிட்டது.

வாட்சன் இந்த வேறுபாட்டைக் கண்டறிந்தார். மேட்டு நிலத்து ஓடைகளில் எண்ணெய் தெளிக்கவும், நிலத்தடிக் குழாய்கள் வழியே நீரை வடிக்கவும் ஏற்பாடு செய்தார். ஓரிடத்தில் வென்ற முறையை அப்படியே மற்றோர் இடத்திற்குக் கொண்டுசெல்லக் கூடாது. முதலில் எண்ண வேண்டும், பிறகே செயற்பட வேண்டும் என்பது தெளிவாயிற்று. மலாயாவில் மலேரியாத் தடுப்பு பற்றி வாட்சன் எழுதிய நூலின் இரண்டாம் பதிப்பு 1921இல் வெளிவந்தபோது, அதற்கு ராஸ் முன்னுரை எழுதினார்.

விதை மரமானது

ராஸ் தம் கணக்குகளை மருத்துவ இதழ்களிலும் பொது அறிவியல் இதழ்களிலும் வெளியிட்டார்.  மருத்துவர்களுள் பலருக்கு அவருடைய சமன்பாடுகள் விளங்கவில்லை; கணிதம் கற்றோருள் பலர் கொசுவைப் பற்றிக் கவலைப்படவில்லை. இரு கூட்டத்தாருக்கும் இடையே அவர் ஏறத்தாழ தனியாகவே நின்றார்.

ஆயினும், விதை வீணாகவில்லை. ராஸுடன் 1901இல் ஆப்பிரிக்காவின் சியரா லியோனுக்குச் சென்ற ஆண்டர்சன் மெக்கென்ட்ரிக் என்னும் மருத்துவர், அவரைப் பார்த்துக் கணிதத்தில் ஈடுபட்டார். பார்வையிழந்த வேதியியல் அறிஞர் வில்லியம் கெர்மாக்கோடு இணைந்து, தொற்றுநோய்கள் எழுந்து தணியும் விதத்தை விளக்கும் கணிதக் கோட்பாட்டை 1927இல் அவர் வெளியிட்டார். வாசல் அளவு என்னும் ராஸின் கருத்து அதிலும் மையமாக இடம்பெற்றது.

1939ஆம் ஆண்டு சிக்காகோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த நிக்கோலஸ் ரஷெவ்ஸ்கி, ‘புல்லட்டின் ஆஃப் மேத்தமேட்டிக்கல் பயோபிசிக்ஸ்’ என்னும் இதழைத் தொடங்கினார். 1961ஆம் ஆண்டு ‘ஜர்னல் ஆஃப் தியரிட்டிகல் பயாலஜி’ என்னும் கோட்பாட்டு உயிரியல் இதழ் தோன்றியது. இதயத் துடிப்பு, மீன் கூட்டம், புற்றுநோய், தொற்றுநோய் எனப் பலவற்றையும் கணிதத்தால் ஆராய்வோர் இத்தகைய இதழ்களில் தங்கள் கண்டுபிடிப்புகளை வெளியிடுகின்றனர். ராஸ் தனியாக நடந்த ஒற்றையடிப் பாதை இன்று பலர் பயணம் செய்யும் பெருஞ்சாலையாகிவிட்டது.

1926ஆம் ஆண்டு இலண்டனில் அவருடைய பெயரால் ராஸ் ஆய்வுக் கழகம் நிறுவப்பட்டது. மலாயாவில் பணியாற்றிய வாட்சனும் பின்னாளில் அக்கழகத்தில் சேர்ந்து தொண்டாற்றினார். ராஸ் 1932ஆம் ஆண்டு செப்டம்பர் 16ஆம் நாள் மறைந்தார். நோபல் பரிசு பெற்ற கண்டுபிடிப்பைக் காட்டிலும் தம் கணித ஆய்வையே அவர் உயர்வாகக் கருதியதாகச் சொல்வர். அவருக்குப் பிறகு, அதே கழகத்தைச் சேர்ந்த ஜார்ஜ் மெக்டொனால்டு 1950களில் அக்கணக்குகளை விரிவாக்கினார். கொசுவின் ஆயுளைச் சிறிது குறைத்தாலும் நோய் பெரிதும் குறையும் என்பதை அவர் காட்டினார். மேலே கண்ட எடுத்துக்காட்டில், பத்து நாள் பிழைக்கும் கொசுக்களின் எண்ணிக்கை குறைந்தால் என்ன ஆகும் என்று கணக்கிட்டுப் பார்த்தால் இதன் பொருள் விளங்கும். இன்று இக்கோட்பாடு ராஸ், மெக்டொனால்டு ஆகிய இருவரின் பெயராலும் வழங்குகிறது.

இன்றும் தொடரும் கணக்கு

கோவிட்-19 பெருந்தொற்றுக் காலத்தில் நம் நாட்டுச் சுகாதார அமைச்சு தொற்று விகிதத்தை நாள்தோறும் அறிவித்தது நம் நினைவில் இருக்கும். ஒரு நோயாளி சராசரியாக எத்தனை பேருக்கு நோயைப் பரப்புகிறார் என்பதே அந்த எண். அது ஒன்றுக்கு மேல் இருந்தால் நோய் பெருகும்; ஒன்றுக்குக் கீழே இறங்கினால் நோய் தணியும். தொலைக்காட்சியில் நாம் கண்ட அந்த எண்ணின் பின்னால், மொரீசியஸ் அறிக்கையில் ராஸ் தொடங்கிய சிந்தனை இருக்கிறது.

மலேரியாவைப் பொறுத்தவரை நம் நாடு பெரும் வெற்றி கண்டுள்ளது. 2018ஆம் ஆண்டு முதல் சில ஆண்டுகள் தொடர்ந்து, மனிதரிடமிருந்து மனிதருக்குக் கொசுவால் பரவும் மலேரியா உள்நாட்டில் எவரையும் தொற்றவில்லை. குரங்குகளிடமிருந்து பரவும் ஒருவகை மலேரியா மட்டும் இன்னும் சவாலாக உள்ளது. ஆனால், டிங்கிக் காய்ச்சல் நம்மை விட்டு நீங்கவில்லை. அதைப் பரப்பும் ஏடிஸ் கொசு சதுப்பு நிலத்தைத் தேடுவதில்லை. பூந்தொட்டித் தட்டிலும், கூரை நீர்த்தாரையிலும், தூக்கி எறிந்த டயரிலும் வளர்கிறது.

1950களில் இரப்பர்த் தோட்ட நிலத்தில் எழுந்த பெட்டாலிங் ஜெயா, இன்று அடுக்குமாடிகள் நிறைந்த பெருநகர். அங்குள்ள ஒரு குடும்பம் வாரம் ஒருமுறை தன் வீட்டுத் தொட்டிகளைக் கவிழ்த்தால் நகரின் கொசுக்கள் எல்லாம் அழிந்துவிடுமா என்று சிலர் கேட்கலாம். அழியாது. ஆனால், அழிய வேண்டியதில்லை என்பதே ராஸின் விடை. போதுமான வீடுகள் அதைச் செய்தால் எண்ணிக்கை வாசலுக்குக் கீழே இறங்கும். நோய் தானே ஓயும். ஒவ்வொரு வீட்டின் பங்கும் அந்தக் கணக்கில் சேர்கிறது. சிறு துளி பெருவெள்ளம் என்பது மழைக்கு மட்டும் பொருந்தும் பழமொழியன்று. நோய்த் தடுப்புக்கும் அது பொருந்தும்.